மறைத்து வைத்திருக்க அனுமதி

"ஐயோ!"

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. லண்டன் மோர்டனில், பத்தொன்பதாம் நம்பர் வீட்டுக்குள்ளிருந்து அலறல்.

பதினேழாம் நம்பர் சிவமலர் அடுப்பை அணைத்தாளோ இல்லையோ, ஓடி வந்தாள். ஆம்புலன்ஸ் எப்போது வரும் என்று அந்தத் தெருவில் யாரும் கவலைப்படுவதில்லை. அதற்கு முன் சிவமலர் வந்துவிடுவாள்.

வரவேற்பறையில் பிணம் எதுவும் இல்லை. சிவமலருக்குச் சற்று ஏமாற்றம்தான்.

நகுலேஸ்வரி சோபாவில் வெளிறிப்போய் இருந்தாள். கையில் அமெரிக்க முத்திரை குத்திய கடிதம். மடியில் ஒரு பிளாஸ்டிக் கார்ட். கார்டில் அவள் கணவன் விஜயரத்தினத்தின் படம்.

"மலரக்கா... இவர் துவக்கு வைச்சிருக்கிறார்."

கார்டில் தெளிவாகவே இருந்தது. உடுப்புக்குள் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு திரிய அனுமதி. அந்த மாநிலத்தில் வசிக்காத, வேறு மாநிலத்துக்காரர்களுக்குக் கொடுப்பது.

விஜயரத்தினமா? கரப்பானைக் கண்டால் கட்டிலில் ஏறி நிற்கிற மனிதர்!

கடைகளுக்குக் குளிர் அறை பூட்டுவது அவர் வேலை. வருடத்தில் ஆறு மாதம் அமெரிக்காவில் கான்ட்ராக்ட் என்பார். பத்து வருடமாக அப்படித்தான். மனைவியை ஒருமுறைகூடக் கூட்டிப்போனதில்லை. அங்கே குளிர், உனக்கு ஏலாது என்பார். லண்டனில் இருந்துகொண்டு!

அது போகட்டும். இன்று மதியம் இரண்டு மணிக்கு அவள் சொலிசிட்டரிடம் போகவேண்டும். இந்த வீட்டில் அவளுக்குள்ள பாதிப் பங்கை அவர் பெயருக்கு மாற்றக் கையெழுத்து. ஒரு மாதமாக நச்சரிப்பு. போன கிழமை போனில் அவர் குரலே மாறியிருந்தது.

"நான் சைன் வைக்காட்டி சுட்டுப்போடுவாரோ அக்கா?"

சிவமலர் யோசித்தாள். அதிகம் யோசிக்கவில்லை.

"துவக்கு வைச்சிருக்கிற ஆம்பிளையோட வாதாடேலாது, நகுலா. பேசாமல் சைன் வை. உயிர் முக்கியம்."

காரில் தானே கூட்டிப்போவதாகவும் சொன்னாள். கைபேசியைச் சோபாவில் போட்டுவிட்டு, தேத்தண்ணி போடச் சமையலறைக்குள் நுழைந்தாள்.

நகுலேஸ்வரி கண்ணைத் துடைத்தாள். கடிதத்தின் கடைசிப் பந்திக்குப் போனாள். அகதிக் கேஸ் காலத்துப் பழக்கம். ஹோம் ஆபீஸ் கடிதத்தில் முதல் பந்தி முழுக்க மரியாதை. தலைவிதி கடைசிப் பந்தியில்தான் இருக்கும்.

இதிலும் இருந்தது.

சொந்த மாநிலத்தில் நீங்கள் வசிக்கும்வரைதான் இந்த அனுமதி செல்லும். கிரீன் கார்டின் பிரதி கிடைத்தது. உங்கள் மனைவியின் கைரேகையும் கிடைத்தது, அவருடைய அனுமதி தனித் தபாலில் வரும்...

மனைவி!

"அக்கா, எனக்கும் ஒரு லைசென்ஸ் வருதாம்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"பாசத்தில எடுத்திருப்பார்."

"கைரேகையும் கிடைச்சிட்டுதாம். என்ர விரலை எப்ப எடுத்தவர்? நித்திரையிலயோ?"



நகுலேஸ்வரி உறையைத் திருப்பினாள். விஜயரத்தினம், இலக்கம் 17.

பத்தொன்பது அல்ல. பதினேழு.

காலையில் தபால்காரர் யாக்கோப்பு சிரித்தபடிதான் கொடுத்தார். அமெரிக்கன் நம்பரைப் பிழையாக அடித்துவிட்டான், அண்ணையை எனக்குத் தெரியாதா என்றார். நம்மவர் தபால்காரராய் இருந்தால் கிடைக்கும் சலுகை. வெள்ளைக்காரன் என்றால் பதினேழில் போட்டுவிட்டுப் போயிருப்பான்.

பிழையா?

விஜயரத்தினம் விலாசத்தில் பிழை விடுகிற ஆளில்லை. பாரிசில் அறை மாறி மாறி இருந்த காலத்தில் ஒரு அகதிக் கடிதம் தவறிப்போய், நாடே மாறவேண்டி வந்தவர். அன்றிலிருந்து அவருக்கு ஒரே சட்டம். முக்கியமான கடிதம் வாடகை வீட்டுக்கு வரக்கூடாது. எந்நேரமும் ஆள் நிற்கிற சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் வரவேண்டும்.

சொந்தக்காரரா? பதினேழில் யார் அவருக்குச் சொந்தம்?

அப்போதுதான்... சோபாவில் கிடந்த சிவமலரின் கைபேசி அடித்தது. அமெரிக்க நம்பர்.

நகுலேஸ்வரி எடுத்தாள். வாய் திறக்கவில்லை.

"மச்சாள், கடிதம் வந்திட்டுதோ? இவள் சைன் வைச்சிட்டாளோ?"

அவர் குரல்!

இருபது வருடமாக வேலிக்கு மேலால் மலரக்கா, மலரக்கா என்று கூப்பிட்ட வாய். மனைவியின் சகோதரியை அல்லவா மச்சாள் என்பார்கள்?

சிவமலருக்கு ஒரே தங்கை. அஜித்தா. அமெரிக்க பாஸ்போர்ட்காரி. பத்து வருடத்துக்கு முன் அவளுக்குக் கலியாணம். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை, அங்கேயே பதிவு என்று சொல்லி, சிவமலர் தெரு முழுக்கப் பலகாரம் கொடுத்தாள். அந்தப் பயத்தம் பணியாரத்தைச் சுட்டுக் கொடுத்ததே நகுலேஸ்வரிதான்.

நகுலேஸ்வரி கைபேசியை உள்ளங்கையால் பொத்தினாள். சமையலறை வாசலில் இரண்டு கோப்பைகளோடு சிவமலர் நின்றாள். பிடிபட்டவள் ஒன்றையும் மறைக்கவில்லை. அவருக்கும் அஜித்தாவுக்கும் அங்கே ஒரு கடை. குடியிருப்பது ஆற்றுக்கு இந்தப் பக்கம், வாடகை பிளாட். கடை அந்தப் பக்கம், வேறு மாநிலம். இரண்டு தரம் கொள்ளை. அதனால்தான் அந்த மாநிலத்து லைசென்ஸ். இந்த வீட்டை விற்றுத்தான் அங்கே வீடு வாங்க இருந்தார்களாம்.

"அப்ப துவக்கு எனக்கில்லை?"

"சீ, அவர் உனக்கு அப்பிடிச் செய்வாரோ? நல்ல மனுசன், நகுலா."

நகுலேஸ்வரி அவளையே பார்த்தாள். தன் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நின்ற முகம்.

"ஹலோ? மச்சாள்?" என்றது கைபேசி.

"மச்சாள் தேத்தண்ணியோட நிக்கிறா. நான் நகுலா."

லைன் அறுந்தது.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் நகுலேஸ்வரி சொலிசிட்டர் லக்‌ஷிகாவின் முன் இருந்தாள். பஸ்ஸில் வந்திருந்தாள். வீட்டுப் பத்திரத்தை ஒதுக்கித் தள்ளினாள். விவாகரத்துப் படிவத்தைக் கேட்டாள்.

லக்‌ஷிகா திகைத்துப்போய்க் காரணம் கேட்டாள்.

நகுலேஸ்வரி கைப்பையிலிருந்து கார்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"சட்டத்துக்குப் பயந்த மனுசன், பிள்ளை. ரெண்டாவது ஸ்டேட்டுக்கும் மறக்காமல் லைசென்ஸ் எடுத்திருக்கிறார்... ரெண்டாவது பெண்சாதியை மறைச்சு வைச்சிருக்கத்தான் எடுக்கேல்லை."