ஜோவெலின் மறுத்தவை

கணவன் ரெனான்டே திருப்பி அனுப்பியிருந்த குரல் செய்தியில் மழை இருந்தது, ஜோவெலின் இல்லை. அரை மணி நேரத்துக்கு முன் அவளே பேசி அவனுக்கு அனுப்பியதுதான் அது. தகரக் கூரையில் விழும் மழையின் இரைச்சல், தெருக்கோடியில் ஒரு நாய், மகள் பியா கரண்டியால் கிண்ணத்தைத் தட்டும் சத்தம், எல்லாம் துல்லியமாகப் பதிவாகியிருந்தன. கரண்ட் போய்விட்டது, வரும்போது மெழுகுவத்தி வாங்கி வா என்று அவள் சொன்ன இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை. கீழே அவன் எழுதியிருந்தான்: "என்னடி, மழையப் பதிவு பண்ணி அனுப்பியிருக்க? மழை இங்கேயும்தான் பெய்யுது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மைக்கை எங்கேயாவது அடைத்து வைத்திருப்பாள்; அவள் அடைக்காத ஓட்டை எது? கைப்பேசிச் செயலிகள் ஆளை எப்படி வேவு பார்க்கின்றன என்று சோதித்து எழுதுவதுதான் அவள் பிழைப்பு. படிக்கிற கூட்டம் அவளுக்கு வைத்த பெயர் 'மறுப்பு ராணி'. எந்தச் செயலி எதைக் கேட்டாலும் 'மறு' என்ற பொத்தானை அழுத்திவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பாள். கல்யாணத்துக்கு முன்பு, வெறும் டார்ச் வெளிச்சத்துக்காக இறக்கிய ஒரு செயலி அவள் இருக்குமிடத்தை யாருக்கோ விற்றுவிட, முகம் தெரியாத ஒருவன் மூன்று நாள் அவள் வாசலில் வந்து நின்றான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது.

இந்த வாரம் அவள் சோதித்துக்கொண்டிருந்தது 'நெடுங்கலம்' ரசிகர்கள் யாரோ செய்து வெளியிட்ட செயலி. மணிலாவில் அந்த விண்வெளித் தொடரைப் பார்க்காத இளவட்டம் கிடையாது. அதில் கப்பலை ஓட்டும் கணினிக்குப் பெயர் செலா. உடம்பு கிடையாது, பெண்குரல் மட்டும். ஒரு கதவைத் திறப்பதென்றாலும் மாலுமிகளிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் திறப்பாள். செயலியிலும் அதே விளையாட்டு. ஃபிரிட்ஜைத் திறந்தால் திரையில் ஒரு கட்டம் எழும்: 'குளிர் வெளியேற அனுமதிக்கவா?' நாற்காலியில் உட்கார்ந்தால் இன்னொன்று. இதெல்லாம் அதற்கு எப்படித் தெரிகிறது என்பதைத்தான் அவள் கண்டுபிடித்து எழுத வேண்டும். முதல் நாள் ரசித்தாள். மூன்றாம் நாள், கொசு அடிப்பதுபோல், பார்க்காமலே கட்டைவிரலால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

ரெனான்டேவுக்கு அது பிடிக்கவில்லை. தெருமுனை மரத்தைத் தாண்டும்போதுகூட, கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் 'கொஞ்சம் வழிவிடுங்க ஐயா' என்று முணுமுணுக்கிற ஆள் அவன். இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். "கேட்டுட்டு வர்றவள இப்படி வெரட்டாதடி. என்ன கேக்குறான்னாவது படிச்சுப் பாரு" என்றான்.

"படிச்சா பாவம் பார்த்துக் குடுத்துடுவேன்" என்றாள் அவள்.

இப்போதும் ஒரு கட்டம் எழுந்தது. 'மறு'.

மூன்று நாளாக விடாத மழை. இரண்டு தெரு தள்ளி மரிகினா ஆறு. முதல் சங்கு ஊதினால் மூட்டை கட்டு, இரண்டாவது ஊதினால் கிளம்பு, மூன்றாவது ஊதினால் இழுத்துக்கொண்டாவது போவார்கள் என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். முதல் சங்கு மதியமே ஊதியாயிற்று. நாலேகாலுக்குத் தெருவிலிருந்த அத்தனை கைப்பேசிகளும் வெள்ள எச்சரிக்கையில் ஒரே நேரத்தில் அலறின. அவளுடையது அலறவில்லை. அந்தச் சத்தத்துக்குப் பியா நடுங்குகிறாள் என்று போன மழையின்போதே அதை அணைத்துவிட்டிருந்தாள். அலறல் ஓய்வதற்குள் இரண்டாவது சங்கும் ஊதியது.

இஞ்சி போட்ட கோழிக்கஞ்சியைக் குடித்துவிட்டு பியா மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜோவெலின் கீழே பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தபோது வாசலில் சத்தம் கேட்டது.

"ஜோவெலின்! ஏ பொண்ணே, உள்ள இருக்கியா?"

எதிர்வீட்டு பெசிங் அக்கா. முழங்கால் தண்ணீரில், மழைக்கோட்டுக்குள் ஒரு பூனையை அணைத்தபடி நின்றாள். ஜோவெலின் ஜன்னலுக்கு ஓடினாள். "இதோ அக்கா, குழந்தைய எழுப்பிட்டு வந்துடறேன்!"

பெசிங் அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஜன்னலுக்குள் பார்த்தாள். இரண்டு முழத் தூரம்கூட இல்லை. அவள் பார்வை ஜோவெலினின் முகத்தில் விழுந்து, நிற்காமல், பின்னாலிருந்த சுவரில் போய் நின்றது. "போயிட்டாங்க போல" என்று திரும்பிப் புருஷனிடம் சொன்னாள். "புத்திசாலிப் பொண்ணு. நமக்குத்தான் இந்தப் பூனையத் தேடியே நேரம் போச்சு."

"அக்கா!"

அவர்கள் தண்ணீரை அளைந்துகொண்டு நடந்து போனார்கள். இருட்டிக்கொண்டு வருகிறது, உள்ளே விளக்கும் இல்லை, அதனால் தெரிந்திருக்காது என்று ஜோவெலின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மழை இரைச்சலில் எதுதான் கேட்கும்? கதவைத் திறந்துகொண்டு ஓட நினைத்தாள். தாழ்ப்பாள் விலகியது, கதவு விலகவில்லை. மூன்று நாள் மழையில் மரம் ஊறிப்போயிருக்கும் என்று தோளைக் கொடுத்து இடித்தாள். வீடே அதிர்ந்தது, கதவு அசையவில்லை. கதவடியில் பழுப்புத் தண்ணீர் நாக்கை நீட்டி உள்ளே வந்தது. சாக்கடையும் ஆற்றுச் சேறும் கலந்த வாடை. கையிலிருந்த கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது, கட்டைவிரல் தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருந்தது.

தண்ணீர் கணுக்காலைத் தொட்டபோது பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினாள். பாதிப் படியில் ரெனான்டே அழைத்தான்.

"ஜோவ்? கேக்குதா?"

"கதவு தெறக்க மாட்டேங்குது! நாங்க மாடியில இருக்கோம், சீக்கிரம் வா!"

"ஒண்ணும் கேக்கல, வெறும் மழைதான் கேக்குது. சரி, நான் பேசுறதக் கேளு. பாலத்துக்கிட்ட வந்துட்டேன். படகுக்காரப் பசங்ககூட வர்றேன். ரெண்டு பேரும் மாடிய விட்டு எறங்காதீங்க." கொஞ்சம் நிறுத்தினான். "ஏய், எதுக்குடி சிரிக்கிற? விளையாடுற நேரமா இது?"

அவள் சிரிக்கவில்லை.

இணைப்பு அறுந்தது. அவள் படியிலேயே நின்றாள். கீழே செருப்புகள் மிதந்து வந்து சுவரில் இடிக்கும் சத்தம் கேட்டது. டொக். டொக். மழை, செருப்பு, அவள் மூச்சு, இவை தவிர இன்னொரு சத்தமும் அந்த வீட்டில் இருப்பதாக அவளுக்குப் பட்டது. கவனித்துக் கேட்டபோது அது நின்றுவிட்டது. அவளுக்குப் பயமாக இருந்தது. இத்தனை நேரம் வேறு பெயர்கள் சொல்லித் தட்டிக்கழித்தது பயத்தைத்தான்.

மேலே பியா விழித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா?"

"இங்கதான் இருக்கேன் தங்கம்." ஜோவெலின் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குழந்தையின் கண்கள் அவளைக் கடந்து கதவுக்குப் போயின. கதவிலிருந்து அலமாரிக்கு. "அம்மா! எங்க போன?"

ஜோவெலின் அவளை அள்ளி மார்போடு சேர்த்துக்கொண்டாள். பியாவின் உடம்பு சிலிர்த்தது. அம்மாவின் கை பட்ட இடத்தைத் தன் கையால் தேய்த்துவிட்டுக்கொண்டு போர்வையைக் கழுத்துவரை இழுத்தாள். "குளிருது" என்று காலி அறையிடம் சொன்னாள். பிறகு உதடு பிதுங்கி அழ ஆரம்பித்தாள்.

ஐந்து வயதுக் குழந்தை தன் மடியில் இருந்துகொண்டே தன்னைத் தேடி அழுவதை எந்தத் தாய் பார்த்திருப்பாள்? ஜோவெலின் கத்தினாள். குழந்தை திரும்பவில்லை.

அப்போதுதான், மூன்று நாளில் முதன்முறையாக, அவள் அந்தச் செயலியின் பட்டியலைத் திறந்தாள். எந்த அனுமதி எப்போது மறுக்கப்பட்டது என்று ஒவ்வொரு செயலிக்கும் ஒரு பட்டியல் உண்டு. மற்றவர்கள் தினம் அதைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை கட்டுரை எழுதியிருப்பாள்! இருநூற்றுப் பதினான்கு வரிகள் இருந்தன. மேலேயிருந்து படித்தாள்.

பியாவுக்கு அம்மா தெரிதல், மறுக்கப்பட்டது. கணவருக்குக் குரல் கேட்டல், மறுக்கப்பட்டது. வாசற்கதவைத் திறத்தல், மறுக்கப்பட்டது. அண்டைவீட்டாருக்கு முகம் தெரிதல், மறுக்கப்பட்டது. தொட்டால் உணரப்படுதல். நிழல் விழுதல். வீட்டைவிட்டு வெளியேறுதல். எல்லாவற்றிலும் நேரம் குறித்திருந்தது. எல்லாவற்றிலும் அவள் விரல்.

முதல் வரியைத் தொட்டு மாற்றப் பார்த்தாள். எழுத்துகள் சாம்பல் நிறத்தில் கிடந்தன. இருமுறை மறுத்ததை மூன்றாம் முறை கேட்கக் கூடாது என்பது செயலிகளுக்கான விதி. அந்த விதியை மெச்சி எழுதியவளும் அவள்தான். செயலியை அழிக்கப் பார்த்தாள், அது அழியவில்லை. கைப்பேசியையே அணைக்கப் பார்த்தாள். திரை ஒளிர்ந்துகொண்டே இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் ஆடியது. "பியா! ஜோவ்!"

ரெனான்டே. நெற்றியில் விளக்கு, இடுப்பில் கயிறு. ரப்பர் படகு மாடிச் சுவரை ஒட்டி நின்றது. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே அவசரத்துக்கென்று வைத்த சின்னக் கதவின் பூட்டைத் தன் சாவியால் திறந்து, குழந்தையை வாரி முத்தமிட்டான்.

"அம்மா எங்கடா குட்டி?"

"இல்ல. என்னை விட்டுட்டுப் போயிட்டா."

"போக மாட்டாடா. உங்கம்மா அப்படிப் போக மாட்டா."

குழந்தையைப் படகில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டு அவன் உள்ளே குதித்தான். கட்டிலடியில் பார்த்தான். அலமாரியைத் திறந்தான். ஜோவெலின் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். துணி கசங்கவில்லை. முகத்தில் அறைந்தாள். அவன் இமைக்கவில்லை. அந்தச் சின்னக் கதவு வழியாகக் கையை வெளியே நீட்டினாள், வெறும் காற்றில் விரல் முட்டி மடங்கியது.

படிக்கட்டில் தண்ணீர் பாதிக்குமேல் ஏறியிருந்தது. ரெனான்டே அதன்மேல் குனிந்து கத்தினான். "ஜோவ்!" அவன் குரல் உடைந்தது. கீழே மூழ்கிக் கிடக்கிறாள் என்று நினைக்கிறான். சட்டையைக் கழற்றினான்.

"அண்ணே, வேணாம்! தண்ணி இழுக்குது, வந்துடுங்க!"

"நீ கொழந்தையக் கொண்டுபோய்ச் சேர்த்துடு தம்பி. அவ இல்லாம நான் வரல."

முதல் படியில் கால் வைத்தான். படிப்படியாக இடுப்புவரை தண்ணீரில் இறங்கினான். இவன் போய்விடுவான். தன் கண்ணெதிரே, தன்னைத் தேடியே, செத்துப் போய்விடுவான்.

கையில் அதிர்வு.

புதுக் கட்டம். இதுவரை கேட்காத ஏதோ ஒன்று. அவள் படிக்கவில்லை. படிக்க நேரமில்லை. 'அனுமதி'. அந்த டார்ச் செயலிக்குப் பிறகு முதன்முறையாக. அழுத்திய பிறகே கண் எழுத்துகளில் விழுந்தது, அவை மங்கிக்கொண்டிருந்தன.

உங்களுக்குப் பதிலாகச் செல்ல அனுமதிக்கவா?

பின்னால் ஈரக்கால் ஒலி.

"நான் இங்கதான் இருக்கேன்."

அவளுடைய குரல். அவளுடைய வாயிலிருந்து வரவில்லை.

ரெனான்டே திரும்பினான். தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே ஓடி வந்தான். ஜோவெலினைத் தாண்டி ஓடினான். அவளுடைய மஞ்சள் சட்டை. அவளுடைய நனைந்த கூந்தல். அவளுடைய இடது புருவத் தழும்பு. அந்த உருவத்தை இறுகக் கட்டிக்கொண்டு தேம்பினான். "எங்கடி இருந்த? எங்கதான் இருந்த?"

"இங்கேயேதான்" என்றது அது. பிறகு, "போகலாமா?"

பதில் வரும்வரை காத்திருந்தது. அவன் தலையாட்டிய பிறகுதான் கால் எடுத்து வைத்தது.

"அவ நான் இல்ல! ரெனான்டே! பியா!"

அது வெளியே காலை வைத்தது. காற்று அதைத் தடுக்கவில்லை. ரெனான்டேவும் இறங்கினான். வெள்ளத்தில் வீடு புகும் திருடர்களை நினைத்தோ என்னவோ, கம்பிக் கதவை இழுத்துப் பூட்டி, ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொண்டான்.

"அம்மா, உன் கை ஏன் இவ்ளோ ஜில்லுனு இருக்கு?"

"மழைடா குட்டி" என்றான் ரெனான்டே.

மூன்றாவது சங்கு ஊதியது. ஜோவெலினின் பாதத்தைத் தண்ணீர் தொட்டது. அவள் கம்பிகளைப் பிடித்து உலுக்கினாள். தெருவிளக்குக் கம்பங்களுக்கு நடுவே படகு மெல்ல விலகியது. ரெனான்டே துடுப்புப் போட முன்பக்கம் திரும்பிக்கொண்டான். பியா அதன் மார்பில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

அது மட்டும் திரும்பிப் பார்த்தது. நேராக, ஜோவெலினின் கண்களுக்குள். பிறகு, தூங்கும் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, அந்தச் சின்னக் கையை வீட்டைப் பார்த்து இப்படியும் அப்படியுமாக ஆட்டி, டாட்டா காட்ட வைத்தது.