பெல்ட் இறுக்கமா இருக்கா?

விடிந்து வெகுநேரம் ஆகியும் பனிமூட்டம் கலையவில்லை. பாதாம் தோப்புகளைத் தாண்டி, முதியோர் இல்லத்தின் வாசலைத் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்து ஆம்புலன்சை நிறுத்தினான் கார்டெல்.

தீயணைப்பு வேலைக்குப் போக வேண்டுமானால் முதலில் ஆம்புலன்சில் கொஞ்ச நாள் இரு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அந்தக் கொஞ்ச நாள் ஒன்பது வருடமாக இழுத்துவிட்டது. டயாலிசிஸுக்கு ஆளைக் கொண்டுபோய் விடு, திரும்பக் கூட்டி வா. இடுப்பு வலிதான் மிச்சம். போன மாதம் ஒருவழியாகத் தீயணைப்பு நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. இன்றோடு இந்த வண்டிக்கு ஒரு கும்பிடு.

"என்ன ஃபயர்மேன் சார், நாளைலேர்ந்து எங்களையெல்லாம் ஞாபகம் இருக்குமா?" என்றாள் கூட வேலை பார்க்கும் யெசெனியா.

"வீட்டுக்கு நெருப்பு வை. ஓடி வரேன்."

காலி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். கூப்பிட்டது மிஸஸ் ஆபர்லியின் அறைக்கு. வாரத்தில் மூன்று நாள் அவன் ஏற்றி இறக்கும் கிழவி.

கட்டில் காலியாக இருந்தது. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

"அவங்க ஞாயித்துக்கிழமையே இறந்து போயிட்டாங்களே," என்றாள் நர்ஸ். "இங்கேர்ந்து யாரும் கூப்பிடலையே."

ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் கார்டெலின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கிழவி கேட்பாள்: "நீ அந்த வேலைக்குப் போயிட்டா என்னை யாருப்பா கூட்டிட்டுப் போவா?"

"போனா உங்களையும் கூட்டிட்டுத்தான் போவேன் மேடம். பெல்ட் இறுக்கமா இருக்கா?"

நோயாளி அடம் பிடிக்காமல் கிளம்ப வேண்டுமே. இந்த வேலையில் எல்லோரும் இப்படி எதையாவது சொல்லிவைப்பதுதான். அவள் சமாதானமாகி, பெப்பர்மின்ட் மிட்டாயை வாயில் அடக்கிக்கொள்வாள்.

திரும்பும்போது ஸ்ட்ரெச்சர் நகர மறுத்தது.

"பிரேக்கை எடுத்தியா?" யெசெனியா கிசுகிசுத்தாள்.

"எடுத்துட்டேன்."

ஆள் இருப்பதுபோல் கனத்தது.

இருவரும் மூச்சு வாங்க அதை வண்டியில் ஏற்றினார்கள். வழியெல்லாம் பின்னாலிருந்து பெப்பர்மின்ட் வாசனை வந்துகொண்டே இருந்தது.

மறுநாள், புதிதாக வருகிறவன் வெறுங்கையோடு வரக்கூடாது என்ற வழக்கப்படி, இரண்டு டப்பா ஐஸ்கிரீமோடு தீயணைப்பு நிலையத்துக்குப் போனான். அதைத் திறக்கும் முன்பே மணி அடித்தது. எங்கோ ஒரு வீடு எரிகிறது. ஓடிப்போய்த் தீயணைப்பு வண்டியின் பின்வரிசையில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டான். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தானே ஒன்பது வருடம் முதுகொடிந்தான்!

எச்சரிக்கை மணி கத்தியது.

"எவன்டா பெல்ட் போடல?" முன்னாலிருந்து கேப்டன் ரஸ்கின் உறுமினார். உட்கார்ந்தவர் பெல்ட் போடாவிட்டால் அந்த மணி ஓயாது. அது ஓயாமல் அவர் வண்டியை எடுக்க விடமாட்டார்.

"நான் போட்டுட்டேன் கேப்டன்."

"அப்ப பக்கத்து சீட்டுல யாரு? ஆள் இருக்குறதா விளக்கு எரியுதே!"

பக்கத்து இருக்கை காலி.

"புதுப் பையா, வந்த அன்னிக்கே விளையாட்டா? அங்க வீடு எரியுதுடா!"

மூக்கில் பெப்பர்மின்ட் ஏறியது.

மணிக்கட்டை ஏதோ சில்லென்று பற்றியது.

கார்டெலுக்கு அலறக்கூடத் தெம்பில்லை. பயத்தை மீறிக்கொண்டு அந்தப் பழைய அலுப்புதான் வந்தது. கை தானாக நீண்டு, காலி இருக்கையின் பெல்ட்டை இழுத்து மாட்டியது.

மணி நின்றது.

"கிளம்பு!" என்றார் கேப்டன்.

வண்டி சீறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. மாட்டிய பெல்ட் இருக்கையில் படியவில்லை. ஒரு சாண் மேலே, வெற்றிடத்தின் மீது வளைந்து நின்றது.

கார்டெல் குனிந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டான்.

"இறுக்கமா இருக்கா, மேடம்?"

பெல்ட் மெல்ல ஏறி, இறங்கியது.