சுவருக்கு அந்தப் பக்கத்து மூச்சு

சிஃபா மூச்சை விட்டு முடித்த பிறகும் இன்னொரு மூச்சு முடியாமல் மிச்சம் இருந்தது. அரை நொடிதான். சுவரில் சாய்ந்திருந்த முதுகுக்குப் பின்னால் மெல்லக் கரைந்து அடங்கியது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு பெண்கள் பள்ளி. மூன்றாவது மாடியில் இயற்பியல் ஆய்வகம், அதன் கோடியில் ஒளிச் சோதனைகளுக்காக ஜன்னல் வைக்காமல் கட்டிய இருட்டறை. காலாண்டுத் தேர்வில் வினாத்தாளைத் தொட்டதும் நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, இதோ சாகப்போகிறோம் என்று சிஃபா வெளியே ஓடிவந்த நாளிலிருந்து, அந்தப் படபடப்பு வரும்போதெல்லாம் குணசுந்தரி டீச்சர் அந்த அறையின் சாவியைக் கொடுத்துவிடுவார். நாலு எண்ணி இழுத்து, நாலு எண்ணி விடும் வித்தையைச் சொல்லித்தந்தவள் வகுப்புத் தோழி சோனியா. அவளுடைய அக்கா நர்ஸ்.

"யாரோ என்கூடவே மூச்சு வுட்றாங்கடி," என்றாள் சிஃபா.

"அந்தப் பக்கம் இன்னா கீது? மூணாவது மாடி. காக்கா உக்காரக்கூட எடம் இல்ல." சோனியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிராக்டிகல் பயம்டி. வேற ஒண்ணுமில்ல."

"இந்த வாட்டியும் ஓடியாந்தா படிப்பு போதும்னுட்டாரு வாப்பா."

ஆனால் சோனியாவிடம் சொல்லாத ஒன்று இருந்தது. அந்த மூச்சோடு சேர்ந்து தானும் மூச்சு விட்டால் படபடப்பு சீக்கிரம் தணிந்தது. முதலில் அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது, ஜனவரியில் அவளோடு சேர்ந்து வந்தது, பிப்ரவரி பிறந்ததும் அவளுக்கு முன்னால் போனது. அவள் எண்ணுவதையே விட்டுவிட்டாள்.

2007 பிப்ரவரி, செய்முறைத் தேர்வு நாள். எந்தச் சோதனை என்று சீட்டு எடுத்தாள். ஒளி விலகும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர். அதை இருட்டறையில்தான் செய்ய வேண்டும். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தணிகாசலம், "போம்மா, முக்கால் மணி நேரம்," என்று கதவைச் சாத்தினார்.

சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் எல்லா நிறத்தையும் தின்றிருந்தது. சீருடை சாம்பலாக, கை பிணத்தின் கையாகத் தெரிந்தது. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து இரும்பு உருகும் வாடை கதவிடுக்கு வழியே வந்து, விளக்கின் சூட்டோடும் ஈரச் சுண்ணாம்பின் மணத்தோடும் கலந்து தொண்டையில் படிய, வழக்கம்போல் முதலில் விரல் நுனிகள் மரத்தன, பிறகு உதடு, பிறகு காதுக்குள் ரயில் ஓடுவதுபோல் ரத்தம் இரைந்தது. ஓடிவிடலாமா? வாப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. சுவரில் முதுகைச் சாய்த்தாள்.

மூச்சு வந்தது. நிதானமாக. அவளும் அதன் பின்னே போனாள்.

பத்து நிமிடத்தில் விரல்களின் மரப்பு விலகியது. முதல் அளவைக் குறித்தாள். இரண்டாவதையும் குறித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தபோது சிரிப்புகூட வந்தது. நுண்ணிய கோடுகளைப் படிக்க லென்ஸைக் கண்ணருகே வைத்து, கை அசையாமலிருக்க மூச்சைப் பிடித்தாள்.

லென்ஸ் அசைந்தது.

மறுபடி பிடித்தாள். மறுபடி அசைந்தது. குனிந்து பார்த்தாள். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

வாயை மூடினாள். ஏறியது. மூக்கைப் பிடித்தாள். இறங்கியது. சுவரை விட்டு விலகி எதிர் மூலைக்குப் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு இழுத்தது. இவள் விலா விரிந்தது. அங்கே விட்டது. இங்கே சுருங்கியது.

இரண்டு கைகளாலும் முகத்தை இறுகப் பொத்தினாள்.

அப்போது அந்த மூச்சு தடுமாறியது. ஒரு தரம். பிறகு வேகமெடுத்தது. மேலோட்டமாக. துண்டு துண்டாக. அந்தத் தாளம் அவளுக்கு நன்றாகத் தெரியும். காலாண்டிலிருந்து தெரியும்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது எதையோ கண்டு பயந்துவிட்டது.

"முடிச்சிட்டியாம்மா?" வெளியே தணிகாசலத்தின் குரல்.

முகத்தைப் பொத்திய கையை எடுக்க முடியவில்லை; விரல்கள் மறுபடி மரத்துவிட்டிருந்தன. மஞ்சள் வெளிச்சத்தில், சாம்பல் சீருடைக்குள், அவள் விலா எலும்புகள் ஏறின, இறங்கின, ஏறின. வேகமாக. இன்னும் வேகமாக. துளிக் காற்றும் உள்ளே போகாமல்.