மூன்றாம் வரி

"உங்க வீட்டுக்காரர் வேலை செய்யற இடத்துல என்ன வாசம் வரும்?"

அரசு மருத்துவமனையில் மருத்துவர் ஜுபைதா ஒருமுறை துளசிமணியிடம் இப்படிக் கேட்டார். துளசிமணி விழித்தாள். கணவன் சென்னியப்பனை அவள் கூட்டிக்கொண்டு வந்தது மறதிக்காக. அடுப்பில் பால் வைத்ததை மறந்தான். அது யாரும் மறப்பதுதான். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, "பாப்பா இன்னும் எந்திரிக்கலையா?" என்று கேட்டான். அது யாரும் மறப்பதில்லை. இதற்கும் வாசத்துக்கும் என்ன சம்பந்தம்?

"பழுத்துப்போன வாழப்பழத்தாட்டம் வருமுங்க," என்றாள். "எத்தன தொவச்சாலும் சட்டைய உட்டுப் போகாது."

ஜுபைதா எழுதுவதை நிறுத்தினார்.

"மறதிங்கறது காய்ச்சல் மாதிரிம்மா. உள்ள என்னமோ சரியில்லைன்னு வர்ற சேதி. ரத்தத்துல சத்துக் குறைஞ்சா மறக்கும். தைராய்டு கெட்டா மறக்கும். தூக்கம் இல்லன்னா மறக்கும். தப்பான மாத்திரை சாப்பிட்டாலும் மறக்கும். இவருக்கு அதெல்லாம் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்ல. மிச்சம் இருக்கறது மூச்சு. எந்த ஆவியைச் சுவாசிக்கிறார்னு பேர் தெரிஞ்சா, அதை உடம்புல இருந்து இழுத்துப் போடற மருந்து இருக்கு. இப்பவே குடுத்தா போனதுல முக்கால்வாசி திரும்பி வரும். பேர் தெரியாம குடுத்தா சிறுநீரகம் போயிடும். ஆலையில கேட்டுட்டு வாங்க. ரொம்பத் தள்ளிப் போடாதீங்க."

ஆலையில் கேட்டாள். தொழில் ரகசியம் என்றார்கள்.

சாயத்தண்ணீர் ஓடி ஆறு செத்த காலம் ஒன்று உண்டு. உலர்சாயம் வந்தபிறகு ஆறு பிழைத்துக்கொண்டது. இப்போது நூலைத் தண்ணீரில் முக்குவதில்லை; மூடிய கூடத்தில் ஆவியைக் காட்டி நிறம் ஏற்றுகிறார்கள். ஆற்றில் மீன் துள்ளுவதை நாடு முழுக்கப் படம் பிடித்துக் காட்டினார்கள். ஆற்றில் விடாததை ஆட்களின் மூச்சில் விட்டதை ஒருவரும் படம் பிடிக்கவில்லை.

அந்த ஆவியின் பெயரைச் சொல்லக்கூடிய பொருள் அதே ஆலையில், துளசிமணியின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. திங்கட்கிழமைதோறும் காலையில் அதைத் துடைத்துத் தயார் செய்வதே அவள் வேலை. அதன் பெயர் நினைவளவி.

பார்க்க ஓர் இட்லிப் பானை அளவுதான் இருக்கும். அதன் முன்னால் தொழிலாளி உட்கார்ந்து, போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தான் என்று சொல்ல வேண்டும். அவன் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் எவ்வளவு தடுமாறுகிறான் என்று அது கேட்கும். கண் அலைவதைப் பார்க்கும். வெளியே விடும் மூச்சை முகரும். பிறகு திரையில் மூன்று வரிகள் வரும். நினைவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது முதல் வரி. என்ன செய்யலாம் என்பது இரண்டாம் வரி. ஏன் குறைந்தது என்பது மூன்றாம் வரி.

நூறு பேருக்குமேல் வேலை செய்யும் இடங்களில் நினைவளவி கட்டாயம் என்று சட்டம் வந்தபோது ஊரே மகிழ்ந்தது. மறதி முளைக்கும்போதே பிடித்துவிடலாம், வேரைக் கண்டுபிடித்துக் கிள்ளிவிடலாம் என்றார்கள். ஆனால் அளவியை வைக்க வேண்டும் என்று சொன்ன சட்டம், மூன்றாம் வரியை வாசிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ஓட்டையை வைத்த மகராசன் யாரோ!

கார்வேந்தன் ஆலையில் மூன்றாம் வரி கறுப்பாக இருந்தது. முதலாளி கார்வேந்தன் தன் குரலில் ஒரு வாசகம் சொல்லி அதைப் பூட்டியிருந்தார். அளவியைச் செய்தவனே வந்து நின்றாலும் அந்த வாசகம் இல்லாமல் திறக்காது. அப்படித்தான் வேண்டும் என்று அவர் கேட்டு வாங்கிய பூட்டு அது. வேறு அளவியில் போய்ப் பார்க்கலாமா என்றால், காரணம் சொல்ல அதற்கு ஒருவருடைய ஓராண்டு மூச்சு வேண்டும். சென்னியப்பனுக்கு ஓராண்டு அவகாசம் இல்லை.

ஆக, அங்கே நடந்தது இவ்வளவுதான். முதல் வரி மஞ்சளாக வந்தால் அந்த ஆளுக்குக் காதுத்துணை மாட்டுவார்கள். அது காதுக்குள் இருந்து, "இப்போது மூன்றாம் பீப்பாயைத் திற, இப்போது வால்வை மூடு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். வாடகை சம்பளத்தில் போகும். ஆள் அதே கூடத்தில் அதே ஆவியில் நிற்பான். வாசலில், 'தொழிலாளர் நினைவு காக்கும் ஆலை' என்று பலகை வேறு.

புரட்டாசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் சென்னியப்பன் அளவியின் முன் உட்கார்ந்தான்.

"விடிஞ்சதும் எந்திரிச்சேன்," என்று ஆரம்பித்தான். "தலைக்கு எண்ணெ வச்சுத் தண்ணி வாத்தேன். ஆட்டுக்கறி எடுத்தேன். மத்தியானம் ஒறம்பரை வந்தாங்க. உக்காந்து சாப்புட்டோம். சாயந்தரம் மாரியம்மன் கோயலுக்குப் போனேன்."

தங்குதடையில்லாமல் வந்தது. அளவி பச்சை காட்டியது. "மிக நன்று. அடுத்தவர் அமரலாம்," என்றது.

துளசிமணி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். புரட்டாசி முழுக்க அவர்கள் வீட்டில் கறி கிடையாது. அவர்கள் வீட்டில் மட்டுமா? அந்தத் தெருவிலேயே கறிக்கடை மூடிக் கிடந்தது. அடுத்து உட்கார்ந்தவனும் எண்ணெய் தேய்த்துக் குளித்தான், ஆட்டுக்கறி எடுத்தான், கோயிலுக்குப் போனான். அதற்கு அடுத்தவளும் அதேதான். எல்லாம் பச்சை. இத்தனை திங்கட்கிழமைகள் இதையே கேட்டும் அவள் சந்தேகப்பட்டதில்லை. கூலிக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமை வேறு எப்படி இருக்கும், ஒன்றுபோலத்தானே இருக்கும் என்று விட்டுவிட்டாள். அது இப்போது அவளுக்கே கசந்தது.

சாப்பாட்டு நேரத்தில் நேராகப் போய் ராக்கம்மா முன்னால் நின்றாள். ராக்கம்மா சாயக்கூடத்தில் மூத்தவள். அவள் வாய்க்குக் கங்காணியே பயப்படுவான்.

"ஏனக்கா, புரட்டாசியில ஊரே கறி திங்குது போல?"

ராக்கம்மா சோற்றைப் பிசைந்தபடியே சிரித்தாள். "அட, மாசத்த மாத்த மறந்துட்டம் பாரு! ஆட்டுக்கறிக்குப் பதிலா அவரப்பருப்புன்னு சொல்லிக் குடுத்திருக்கோணும்."

"நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?"

"பின்ன? பரீச்சைன்னு வச்சா காப்பி அடிக்காம என்ன பண்றது? மஞ்சள் வந்தா காதுல அந்தச் சனியன மாட்டி உடறாங்க. மாமியாளாவது தூங்கறப்ப பேச மாட்டா. அதான் எல்லாருக்கும் பொதுவா ஒரு ஞாயித்துக்கெழம கட்டி வச்சோம். நெனப்பு இருக்கறவனும் அதையே சொல்றான், இல்லாதவனும் அதையே சொல்றான்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தான். அவன் எதற்குச் சிரிக்கிறான் என்று அவனுக்குத் தெரியவில்லை என்பது துளசிமணிக்குத் தெரிந்தது.

"நேத்து இவரு என்ன பண்ணினாருன்னு சொல்லட்டுமா?" என்றாள். சாதாரணமாக நாலு பேர் முன்னால் பேசாதவள். குரல் கீச்சென்று வந்தது. "செத்துப்போன எங்க மாமியாளுக்கு ஒரு தட்டு வச்சு, அம்மா வரட்டும், சேந்து சாப்புடறேன்னு உக்காந்திருந்தாரு. பாப்பா அழுதுபோட்டா. இன்னிக்கு மிஷினு 'மிக நன்று'ங்குது. டாக்டரம்மா அந்த ஆவியோட பேரக் கேக்கறாங்க. இப்பக் குடுத்தா திரும்பி வருமுங்கறாங்க. நீங்க எல்லாரும் பச்சை பச்சைன்னு வாங்கி வச்சா, உள்ள ஒரு கேடும் இல்லீன்னுதான அர்த்தம்? அந்த மூணாவது வரிய எவன் திறப்பான்?"

"மூணாவதா ஒரு வரி வேறயா? கட்டற வரி பத்தாதா?" என்றான் பீப்பாய் உருட்டும் முத்துவேல். யாரும் சிரிக்கவில்லை.

ராக்கம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"எம் பேத்தி பேரு எனக்கு ரெண்டு நாளா வல்லெ," என்றாள் மெதுவாக. "வயசுன்னு நெனச்சேன்." பிறகு தன் வழக்கமான குரலில், "சரி, இப்ப என்ன பண்ணோணுங்கற?"

"உள்ளதச் சொல்லுங்க. தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லுங்க. அம்புட்டுத்தான்."

அடுத்த திங்கட்கிழமை முதலில் ராக்கம்மாதான் உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கெழம..." என்று தொடங்கி, வெகுநேரம் மேலே பார்த்தாள். "தெரியலீங் சாமி," என்றாள் அந்தப் பானையிடம், அது ஒரு மனிதனைப் போல. மஞ்சள். முத்துவேல் உட்கார்ந்தான், பாதி சொன்னான், பாதியில் நின்றான். மஞ்சள். சென்னியப்பன் மனைவியின் முகத்தைப் பார்த்தபடியே, "எதையோ சொல்லோணும்னு சொன்னாங்க. அதும் மறந்து போச்சு," என்றான். அன்றைக்குத்தான் அந்தத் திரை முதன்முதலாகச் சிவந்தது. வரிசை நீண்டுகொண்டே போனது. வேலைக்குப் புதிதாக வந்த மூன்று பேரைத் தவிர எவருக்கும் பச்சை இல்லை.

சாயக்கூடத்துக்கு மேலே கண்ணாடி அறையில் இருந்த கார்வேந்தன் வேகமாக இறங்கி வந்தார். கெட்ட மனிதர் என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆற்றுக்குப் படித்துறை கட்டியவர். ஒவ்வொரு தொழிலாளியின் கல்யாணத்துக்கும் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறவர்.

"என்ன அம்மிணி, கூத்துக் கட்டறீங்களா?"

"உள்ளதச் சொன்னாங்க, மொதலாளி," என்றாள் துளசிமணி.

"ஒரு வாரத்துல ஊரே மறந்துருமா? மிஷினு கெட்டுப்போச்சு."

"கெடலீங்க."

"கெடலயா? நவுரு, நான் உக்காறேன். எனக்குப் பச்சை வல்லீன்னா இந்தப் பானைய ஆத்துல வீசிப்போடறேன்."

அவர் உட்கார்ந்தார். கூடமே சூழ்ந்து நின்றது. கார்வேந்தன் சபையில் பேசிப் பழகியவர். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கெழம காலைல மகன் வந்தான். இல்ல... அது போன மாசம். கோயமுத்தூர்ல ஒரு கல்யாணம். போனேன். பந்தியில எனக்குப் பக்கத்துல... யாரு... நம்ம..." கையை நெற்றியில் வைத்தார். "கல்யாணம் யாருதுன்னா..."

அவர் சொல்லி முடிப்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். மேலே அவர் அறையின் குளிர்காற்றுக் குழாய் சாயக்கூடத்துக் காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது. பதினோரு ஆண்டுகளாக.

மஞ்சள் வந்தது. "காதுத்துணை அணிய வேண்டுகிறோம்," என்றது இரண்டாம் வரி. அதற்குக் கீழே கறுப்பு.

யாரோ ஒருவன் பின்னால் இருந்து, "வாடகை யாரு சம்பளத்துல புடிப்பாங்க?" என்று கேட்டான். ராக்கம்மா அவனை அடக்கினாள்.

கார்வேந்தனின் முகத்தில் இருந்த கோபம் எங்கேயோ போய்விட்டது. வேறு ஒன்று வந்திருந்தது. சென்னியப்பனின் முகத்தில் துளசிமணி தினமும் பார்ப்பது அது.

"டிரம்முல என்ன இருக்குதுங்க?" என்று அவள் கேட்டாள். "பேரு மட்டும் சொல்லுங்க. டாக்டரம்மாகிட்ட மருந்து இருக்குது. உங்களுக்குஞ் சேத்துத்தான்."

"எனக்கே தெரியாது அம்மிணி," என்றார். "முத்திரையோட வரும். உள்ள என்னன்னு கேக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கறோம். எல்லா ஆலையும் அப்படித்தான்."

"அப்ப இதத் திறங்க. இதுக்குத் தெரியும்."

அவர் அளவியின் பக்கம் குனிந்தார். குலதெய்வத்தின் பெயரைச் சொன்னார். "பொருந்தவில்லை," என்றது அளவி பணிவாக. அம்மாவின் பெயரைச் சொன்னார். பொருந்தவில்லை. முதன்முதலில் வைத்த தறிக்கொட்டகையின் பெயர். மகனைச் சின்ன வயதில் கூப்பிட்ட பெயர். அதைச் சொல்லும்போது அவருக்கே சந்தேகம் வந்து இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார். ஆற்றைப் பற்றி மேடையில் வழக்கமாகப் பேசும் ஒரு வாசகத்தைச் சொல்லத் தொடங்கி, அதுவும் நடுவில் அறுந்தது. பொருந்தவில்லை. பொருந்தவில்லை.

"கம்பெனிக்காரன வரச் சொல்லுங்க," என்றான் முத்துவேல்.

"அவனாலயும் ஆகாது," என்றார் கார்வேந்தன். "ஆகக் கூடாதுன்னுதான் வாங்கினேன்."

சென்னியப்பன் கூட்டத்திலிருந்து விலகி வந்து மனைவியின் பக்கத்தில் நின்று, "ஏம்புள்ள, இவரு எதையோ தேடறாரு போல. நாமளும் தேடலாமா?" என்று கேட்டான். துளசிமணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

கார்வேந்தன் சட்டென்று நிமிர்ந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அம்மிணி, இந்த மிஷினு வந்த அன்னிக்கு நீ இருந்தயல்ல? பூட்டறப்ப நான் என்ன சொன்னேன்? உனக்கு எல்லாம் நெனப்பு இருக்கும். சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன். உன்னக் கும்புட்டுக் கேக்கறேன்."

அவளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. அவர் கட்டியிருந்த வேட்டியின் கரை, நிறுவ வந்த பையன்கள் குடித்த இளநீர், எல்லாம் நினைவிருந்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ராக்கம்மா இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டாள்.

"எனக்குக் கேக்கலீங்," என்றாள் துளசிமணி. "ஒருத்தர் காதுலயும் உழுகக் கூடாதுன்னு, நீங்கதானுங்க என்னைய வெளிய போயி நிக்கச் சொன்னீங்க. நின்னனுங்."

கார்வேந்தன் அவளைப் பார்த்தார். கறுத்துக் கிடந்த அந்த வரியைப் பார்த்தார். கை ஊன்றி நாற்காலியிலிருந்து எழுந்தார். தொழிலாளர்கள் வழிவிட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். அவர்களில் ஒருவர் முகத்தையும் பார்க்காமல், அவர் வெளியே போனார்.