அவனுக்குத் திறக்காத பூட்டு

அந்த ஆள் கதவைத் திறந்து, "வாங்க தம்பி, உங்களைத்தான் பார்த்துட்டு இருந்தேன்" என்று பல்லைக் காட்டியபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவி மாடிப்படியில் தவறி விழுந்து இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று போனில் அவன்தான் சொல்லியிருந்தான்.

வெளியே மதிய வெயில் கொளுத்தியது. உள்ளே எல்லாத் திரைகளும் இழுத்து மூடியிருந்தன. படிக்கட்டை ஒட்டிய சுவருக்கு மட்டும் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். கீழ்ப்படியில் ஒரு பெண் உட்கார்ந்து அட்டைப்பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவளோட தங்கச்சி. சாமானை எடுத்துட்டுப் போக வந்திருக்கா" என்றான், ஏதோ மூட்டை தூக்க வந்த ஆளைச் சொல்வதுபோல.

மேசை மேல் லேப்டாப். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது.

நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவன். நான்கு மாதம் முன்பு இதை என் கடைக்குக் கொண்டுவந்த பெண், அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். அவள் மேல் தீக்காயக் களிம்பு வாடை அடித்தது. ஒரு ஃபோல்டரைக் காட்டி, "நான் செத்தாலும் என் வீட்டுக்காரர் இதைத் திறக்கக் கூடாது தம்பி. என் தங்கச்சிதான் திறக்கணும்" என்றாள். பூட்டிக் கொடுத்தேன். பாஸ்வேர்டை அவளே போட்டாள். "இனிமே உங்களைத் தவிர அந்தக் கடவுளாலயும் திறக்க முடியாதுக்கா" என்று பெரிய இவன் மாதிரி சொன்னேன்.

பொய். பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து அழுகிறவர்கள் அதிகம். அதனால் பூட்டும்போது வருகிற மீட்பு எண்ணை யாருக்கும் சொல்லாமல் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். நாற்பத்தெட்டு இலக்கம். அது இருந்தால் பாஸ்வேர்டே வேண்டாம். அவன் வீட்டுக்குப் போன அன்றைக்கும் அந்த நோட்டு என் பையில் இருந்தது.

அவன் என் தோளைப் பிடித்து அழுத்தினான். "அவ உங்க கடையிலதான் பூட்டினான்னு தெரியும். என்னத்தை வெச்சிருக்கான்னு பார்த்துட்டு அழிச்சிடணும். திறக்காம நீங்க வெளிய போக முடியாது."

எழுந்து போயிருக்க வேண்டும். அவன் மூஞ்சியில் காறித் துப்பிவிட்டுப் போயிருக்க வேண்டும். நான் கோழை. நோட்டை எடுத்தேன்.

ஏழு இலக்கம் அடித்திருப்பேன். கடைசி எண் மறைந்தது.

பிறகு அதற்கு முந்தையது.

என் கைகள் மடியில் இருந்தன. அழிக்கும் பட்டன் மட்டும் அமுங்கி, எழுந்து, அமுங்கியது. நிதானமாக, ஒவ்வொன்றாக.

மறுபடி அடித்தேன். இந்த முறை வேகமாக அழிந்தது. வெள்ளை அடித்த வாடையை மீறி, எங்கிருந்தோ களிம்பு வாடை வந்தது.

"என்ன, விளையாடறீங்களா?" அவன் என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான். நோட்டைப் பார்த்து அவனே அடித்தான். அவனுக்கு எதுவும் அழியவில்லை. நாற்பத்தெட்டும் முழுதாக ஏறியது.

தவறான எண்.

மறுபடி அடித்தான். நான் பின்னால் நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை.

தவறான எண்.

"செத்தும் உன் திமிரு அடங்கலையாடி?" என்று பத்து விரலாலும் கீபோர்டில் ஓங்கி அறைந்தான்.

லேப்டாப்பின் மூடி அவன் விரல்கள் மேல் விழுந்தது.

விழவில்லை, யாரோ அறைந்து சாத்தினார்கள். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவன் அலறினான். நான் மூடியைத் தூக்கப் பார்த்தேன், அசையவில்லை. ரொம்பப் பிரயத்தனப்பட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

தங்கை எழுந்து வந்தாள். மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"அக்கா, போதும். நான் பாத்துக்கறேன்."

மூடி லேசாகத் திறந்தது. அவன் கைகளை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உருண்டான். அவள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். நான் நோட்டோடு பின்னால் ஓடினேன்.

என் கடையில் அதே எண்ணை அவள் அடித்தாள். முதல் தடவையிலேயே திறந்தது. கையின் படங்கள், முதுகின் படங்கள், ஒவ்வொன்றிலும் தேதி. பிறகு அவன் குரல். படியிலிருந்து எப்படித் தள்ளுவேன் என்று அவன் சிரித்துக்கொண்டே சொல்வதை அவள் கடைசிவரை கேட்டாள்.

"தவறி விழுந்தாளாம்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "அத்தனை பேரும் நம்பினோம். நானும் நம்பினேன். அந்த நாயோட உக்காந்து அழுதேன்."

என் நோட்டை அவள் கண்ணெதிரே சுக்குநூறாகக் கிழித்தேன். அக்காவிடம் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

போலீசுக்குக் கொண்டுபோகும் முன் அவளுக்கென்று ஒரு பிரதி எடுத்தோம். "இதை நான் பூட்டணும் அண்ணா" என்றாள். புது பாஸ்வேர்டுக்கான கட்டங்களைத் திறந்துவிட்டு, நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அவள் அடித்தாள்.

"சரி. கீழ்க் கட்டத்துல அதையே இன்னொரு தடவை அடிம்மா. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் பூட்டும்."

பட்டன்கள் அமுங்கும் சத்தம் கேட்டது.

"ஆச்சா?"

நாற்காலி தரையில் உரசியது.

"நான் இன்னும் அடிக்கலண்ணா."

திரும்பினேன். அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்க் கட்டம் புள்ளிகளால் நிறைந்திருந்தது. அதன் அடியில் பச்சை எழுத்தில் ஒரு வரி:

இரண்டும் பொருந்துகின்றன.