வழியில் ஏறினவர்கள்

காருக்குள் கடல் மணல் கிடந்தது. ஜோசப்பின் விளக்குமாற்றை முற்றத்தில் போட்டுவிட்டு, முன் சீற்றுக்குக் கீழே கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். வெள்ளை மணல். ஈரம் காயவில்லை, நடுவில் ஒரு நண்டுக்கால். தர்மபுரத்து மண் சிவப்பு, மழைக்குக் காலில் அப்பிக்கொள்கிற சாதி. கடலுக்கோ இங்கிருந்து அரை நாள் சைக்கிள் உழக்க வேண்டும். கார் எங்கேயாவது போய் வந்தது என்று சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் அதற்குச் சில்லே கிடையாது. நாலும் கழன்று மாட்டுவண்டிகளுக்குப் போய்விட்டன. பழைய ஒஸ்ரின் கார், வேப்பமரத்தடியில் மரக்குத்திகளின் மேல் குந்திக்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ, இந்த மணல் எங்காலை வந்தது?"

மரியநாயகம் பல் தீட்டியபடியே சிரித்தார். "நேற்று செம்மலையிலை இறங்கிக் குளிச்சனாங்களெல்லே. பிள்ளையின்ரை காலிலை ஒட்டி வந்திருக்கும்."

அந்த மனுசனுக்கு எதுவும் பகிடிதான். ஆனால் மணலைப் பார்த்ததும் சிரிப்பு கொஞ்சம் குறைந்ததை அவள் கவனித்தாள்.

முல்லைத்தீவில் இருந்தவரைக்கும் அவர் ஹயர் கார் ஓட்டினவர். பெற்றோல் வராமல் போன பிறகு, ஒரு சொட்டைக் காட்டி எஞ்சினை எழுப்பிவிட்டு மிச்ச வழியெல்லாம் மண்ணெண்ணெயில் ஓட்டினார். தொண்ணூற்றாறு ஆடியில் சண்டைக்குப் பயந்து கரையை விட்டுச் சனமெல்லாம் ஓடியபோது, அந்தக் கார்தான் அவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. சேர்த்த கையோடு அதுவும் உயிரை விட்டது. அந்த ஓட்டத்துக்குப் பிறகு ஆறு வயது டக்சாயினி வாய் திறக்கவில்லை. கஞ்சியைக்கூட உள்ளே இறக்கமாட்டாள். அவளைப் பேச வைக்கத்தான் தகப்பன் இந்தப் பயணத்தைத் தொடங்கினார்.

சண்டை முடிந்து றோட்டுத் திறந்ததும் மூன்று பேருமாகக் காரில் ஏறி, கடலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு, இந்த நாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவது. அவ்வளவுதான் திட்டம். பின்னேரம் சாப்பிட்டு முடிந்ததும் தகப்பனும் மகளும் காருக்குள் ஏறிவிடுவார்கள். எந்தத் துறையில் குளிப்பது, எந்தக் கடையில் பிளேன்ரீ குடிப்பது, நிலாவெளியில் எங்கே படுப்பது, பாசிக்குடாவில் எத்தனை நாள் நிற்பது எல்லாம் அங்கேதான் முடிவாகும். விளக்குக்கே எண்ணெய் இல்லாத வீட்டில் காலிக்கோட்டை வரைக்கும் திட்டம் ஓடியது. ஜோசப்பினும் நன்றாக நக்கலடித்தாள். ஆனால் ஒருநாள் காருக்குள்ளிருந்து, "அப்பா, ஹோர்ன் அடியுங்கோ" என்று ஒரு கீச்சுக்குரல் வந்தபோது, குசினி அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு அவளுக்கும் அந்தக் கார் கோயில் மாதிரித்தான்.

மணல் கிடந்த அன்று பின்னேரம் கார், அவர்களுடைய கதைப்பயணத்தில், நாயாற்றுப் பாலத்துக்கு வந்திருந்தது. ஜோசப்பின் முற்றத்தில் விறகு முறித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒராள் கையைக் காட்டுறார்."

"ஏத்துவம், ஏத்துவம். இடம் இருக்கேக்கை றோட்டிலை நிக்கிற ஆளை விட்டிட்டுப் போறதே?"

அப்போது வன்னியில் எல்லோரும் அப்படித்தான். பஸ் கிடையாது, கை காட்டினவரை ஏற்றாமல் போனால் ஊர் வாயில் விழ வேண்டும். மரியநாயகம் பழக்கதோசத்தில் பின்னால் எட்டிப் பின்கதவைத் திறந்தார். "ஏறுங்கோ" என்றார். கதவைச் சாத்தினார்.

கார் ஒரு பக்கம் இறங்கியது. பாரமான ஆள் ஏறி உட்காரும்போது சீற்றுக்கடியில் கம்பிச்சுருள் நசுங்கி முனகுமே, அந்தச் சத்தம். ஜோசப்பின் விறகும் கையுமாக நின்றாள். மரியநாயகத்தின் சிரிப்பு பாதியில் நின்றுபோயிருந்தது. பிள்ளை மட்டும் பின்னால் திரும்பி, "நீங்கள் எங்கை இறங்கோணும்?" என்று மரியாதையாகக் கேட்டாள். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் தகப்பனிடம் சொன்னாள்.

"இறங்கமாட்டாராம்."

அதற்குப் பிறகு முற்றம் முழுக்க ஒரு மணம் குடிவந்தது. வலையில் மறந்துபோன மீனும், கரையில் ஒதுங்கி வெயிலில் அவிந்த பாசியும், நனைந்து நாட்பட்ட உடுப்பும் சேர்ந்த மணம், வேப்பம்பூ மணத்தையும் அடுப்புப் புகையையும் தள்ளிவிட்டு, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது. விடியப் பார்த்தால் பின் சீற் நனைந்திருக்கும். துடைத்தால் துணியில் உப்புப் பூக்கும். ஒவ்வொரு பின்னேரமும் இன்னும் ஒருவர், இன்னும் இருவர். ஒவ்வொரு தடவையும் அந்த முனகல். மரக்குத்திகள் மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

"கொக்கிளாயோடை நான் வாயை மூடிட்டனப்பா" என்றார் மரியநாயகம். "மிச்சப் பாதையை அவள்தான் சொல்லுறாள். நான் காணாத இடமெல்லாம் சொல்லுறாள். எல்லாரும் அலை அடிக்கிற இடத்திலைதான் நிக்கினமாம். கையைக் காட்டிக்கொண்டு."

பிள்ளையைக் காரில் ஏறவிடாமல் மறித்துப் பார்த்தார்கள். அவள் உடனே பழையபடி ஊமையானாள். கஞ்சி கடைவாயால் வழிந்தது, காய்ச்சல் காய்ந்தது, கண் செருகியது. மருந்துக்கு எங்கே போவது? பாயோடு பாயாக அவள் கரைந்து போவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஜோசப்பினே தூக்கிக்கொண்டுபோய் முன் சீற்றில் இருத்தினாள். இருத்தின உடனே பிள்ளை கண்ணை விழித்து, "வெளிக்கிடுவம்" என்றாள். அந்த நேரம் தன் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது அவளுக்கு. ஏற்றினாலும் பிள்ளை போகிறாள், ஏற்றாவிட்டாலும் போகிறாள்.

காரையே உடைத்துவிடுவோம் என்று பக்கத்துக் காணி வீரையாவைக் கூப்பிட்டார்கள். தேயிலைத் தோட்டக்காட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறின மனுசன், எதற்கும் அசராதவன். நீள இரும்பு அலவாங்கோடு வந்தவன் கதவில் கை வைத்தான். வைத்த கையை இழுத்துக்கொண்டான்.

"உள்ள ஆளுங்க இருக்காங்கக்கா" என்றான் ஜோசப்பினிடம், மெதுவாக. "நெறைய பேரு."

அலவாங்கை எடுக்கக்கூட அவன் திரும்பி வரவில்லை.

அந்தோனியாருக்கு நேர்ந்தாள். தீர்த்தம் தெளித்தாள். "இனி இடமில்லையாம் அம்மா, நான் ஒராளின்ரை மடியிலை இருக்கிறன்" என்றாள் பிள்ளை, கஞ்சியை வடிவாகக் குடித்துக்கொண்டே.

அடுத்தநாள் மரியநாயகம் நிவாரண அரிசிக்குச் சங்கக்கடை வரிசையில் நின்றார். வானம் பின்னேரமே கறுத்து, மழை கிடுகுக் கூரையில் அறையத் தொடங்கியது. ஒழுகுகிற இடத்துக்குச் சட்டி வைக்கத்தான் ஜோசப்பின் குனிந்தாள். நிமிர்ந்தபோது பாய் வெறுமையாகக் கிடந்தது.

ஓடினாள். சேறு. மழை. காரின் யன்னல்கள் உள்ளே இருந்து பனிபோல் புகார் பிடித்து வெளுத்துக் கிடந்தன. கண்ணாடியில் கைகள். பெரிய கைகள், விரல் சுருங்கி ஊறின கைகள், ஒன்றின் மேல் ஒன்று. கார் மோசமான றோட்டில் ஓடுவதுபோல் குலுங்கியது. உள்ளே அலைச் சத்தம்.

"டக்சி! பிள்ளை!"

"அம்மா, கதவு திறக்குதில்லை."

இழுத்தாள். அடித்தாள். அலவாங்கைத் தூக்கிக் கண்ணாடியில் இடித்தாள். தூணில் இடித்தது போல் அது திரும்பி வந்தது. ஒரு கீறலும் இல்லை. சேற்றில் முழங்காலிட்டு, கதவில் தலையை முட்டிக்கொண்டு கெஞ்சினாள்.

"ஒராளை இறக்கி விடுங்கோ! உங்களைக் கும்பிடுறன். ஒரேயொரு ஆளை இறக்கி விடுங்கோ!"

குலுக்கல் நின்றது.

பின்கதவு திறந்தது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கால் கீழே வந்தது. பிறகு மற்றக் கால். ஜோசப்பின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வாரி அள்ளி இடுப்பில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். குளிர்ந்த கைகள் கழுத்தைச் சுற்றின, ஈரத்தலை தோளில் புதைந்தது. "ஆண்டவரே, ஆண்டவரே" என்று அழுதாள், சிரித்தாள், துவாயை எடுத்துத் துடைத்தாள்.

துடைத்தாள்.

தண்ணீர் நிற்கவில்லை. தலைமுடியிலிருந்து அவளுடைய முதுகில் வழிந்தது. காலடியில் தேங்கியது. பிள்ளை பாரமாக இருந்தாள். காய்ச்சலில் காய்ந்த, எலும்பும் தோலுமான பிள்ளை. இவ்வளவு பாரம் எங்காலை?

இறக்கப் பார்த்தாள். கழுத்தில் கைகள் இறுகின.

அப்போது வெளியே யாரோ தட்டினார்கள். கார்க் கண்ணாடியில். சின்னதாக.

"குளிருது அம்மா" என்றது தோளில் இருந்தது. டக்சாயினியின் குரல்தான். "கதவைச் சாத்துங்கோ. அவையள் போகட்டும்."

ஜோசப்பின் வாசலுக்கு வந்தாள். சாத்த அல்ல. ஆனால் கால் வாசலைத் தாண்ட மறுத்தது. கத்த வாய் திறந்தாள், உப்புத்தான் வந்தது. மரக்குத்திகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. சில்லில்லாத கார் மழைக்குள் வேலிப் படலைப் பக்கம் நகரத் தொடங்கியது.

பின் யன்னலில், நெருக்கியடித்த அத்தனை முகங்களுக்கும் நடுவே, ஒரு சின்னக் கை புகாரைத் துடைத்தது. துடைத்த இடத்தில் டக்சாயினியின் முகம். அவள் அழவில்லை. கூப்பிடவுமில்லை. அம்மாவின் இடுப்பில் இருப்பது ஆர் என்று பார்த்துக்கொண்டே போனாள்.