ஒரு ஒயர்கூட வெளியே தெரியாது

டாஷ்போர்டின் கடைசி ஸ்க்ரூவையும் முடுக்கி, துணியால் துடைத்து, எட்ட நின்று தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்ட பிறகுதான், ஆன்டெனா ஒயரின் முனை இன்னும் தன் கழுத்தில் மாலைபோலத் தொங்குவதை மெக்கானிக் 'பினிஷிங்' கவனித்தார். ஜீப்பின் பின்பக்கம் நட்ட ஆன்டெனாவிலிருந்து வந்து, வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோ செட்டில் சேர வேண்டிய ஒயர் அது. சேர்க்காமலே எல்லாவற்றையும் அழகாக மூடியிருந்தார்.

இப்படி ஒரு தப்பு அவரால் மட்டும்தான் முடியும். வண்டிக்குள் ஒரு ஒயர் வெளியே தெரிந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. "பினிஷிங் முக்கியம்" என்று சொல்லிச் சொல்லியே ஒர்க்‌ஷாப்பில் அதுவே அவர் பெயராகிவிட்டது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. காலையில் தங்கையும் அவள் புருஷனும் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு இன்னொரு ஜீப்பில் மலைக்குப் போனார்கள். மதியத்திலிருந்து விடாத மழை. பாதையில் மண் சரிகிறதாம். போன் போகவில்லை. அந்த வண்டியில் நேற்று அவர் கையாலேயே மாட்டிய செட் ஒன்றுதான் கதி. இந்த வண்டியிலும் ஒன்றை மாட்டிக்கொண்டு தேடிப் போகலாம் என்று இறங்கியவர்தான், இப்போது ஒயரும் கழுத்துமாக நிற்கிறார்.

நேற்று அந்த வண்டியில் ஒயரைச் சேர்த்தோமா?

சேர்த்திருப்போம். சேர்க்காமல் மூடுவோமா? இப்போது மூடியிருக்கிறோமே.

ஸ்க்ரூவைத் திரும்பக் கழற்ற டிரைவர் சீட்டில் ஏறினார். அப்போது செட் பேசியது.

"மச்சான், கேக்குதா?"

மாப்பிள்ளையின் குரல்தான். போன உயிர் திரும்பி வந்தது. ஆன்டெனா இல்லாமல் பேசினால் செட் புகைந்துவிடும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவர், மைக்கைப் பாய்ந்து எடுத்துப் பட்டனை அழுத்தினார். "கேக்குது மாப்ள! எங்க இருக்கீங்க?"

விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். பட்டனை அழுத்தினால் நாம் பேசலாம், விட்டால்தான் அடுத்தவர் பேச்சு கேட்கும். நேற்று இதை மாப்பிள்ளைக்கு நாலு தடவை சொல்லியிருந்தார்.

"வந்துட்டே இருக்கோம்."

சிரிப்பு வந்துவிட்டது. போர்வைக்குள் இருந்துகொண்டே "வந்துட்டே இருக்கேன்" என்கிற பிறவி. இவரிடமிருந்து ஒரு நேரான பதிலை வாங்கிவிட்டால் உலகத்தில் வேறென்ன வேண்டும்.

"செட் நல்லா வேலை செய்யுதா மாப்ள?"

"பினிஷிங் பிரமாதம் மச்சான். ஒரு ஒயர்கூட வெளிய தெரியல."

ஆன்டெனா சேராத செட்டில் பக்கத்துத் தெருப் பேச்சு கேட்டாலே அதிசயம். அப்படியானால் வாசலுக்கே வந்துவிட்டார்கள்! ஓடிப்போய் ஷட்டருக்கு வெளியே எட்டிப் பார்த்தார். சாயங்காலமே மழையில் இருட்டிக் கிடந்த தெருவில், சாக்கடை நிரம்பி ஓடும் சத்தமும், தகரக் கூரையிலிருந்து கொட்டும் தண்ணீரின் சத்தமும், எங்கோ அடித்துக்கொள்ளும் கதவின் சத்தமும் மட்டும் இருந்தன. விளக்கு இல்லை. வண்டி இல்லை.

திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்தார். ஆயிலும் ரப்பரும் மணக்க வேண்டிய இடத்தில் வேறு வாடை அடித்தது. வெட்டிப்போட்ட வேரும், புதிதாய்ப் புரட்டிய ஈர மண்ணும் கலந்த வாடை.

"அண்ணா," என்றாள் தங்கை. ரேடியோவின் கரகரப்பே இல்லாத குரல். "குளிருது."

"ஹீட்டர் போட்டுக்கோம்மா. எங்க நிக்கிறீங்க?"

"ரொம்ப நேரமா கூப்பிட்டோம். நீ எடுக்கவே இல்ல."

ஜீப்பின் பின்பக்கம் மெல்ல அமிழ்ந்தது. அடியிலிருந்த ஸ்பிரிங் பட்டை கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் அவருக்கு அத்துப்படி. ஒரு ஆள் ஏறி உட்காரும் சத்தம்.

கிறீச்.

இன்னொரு ஆள்.

பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. முன்கண்ணாடி உள்ளிருந்து பனித்துக்கொண்டு வந்தது. சொட்டு. சொட்டு. காலடியில் ஏதோ ஈரம். செம்மண் நிறத்தில்.

கை தானாக மைக்கைத் தூக்கியது. பட்டனை அழுத்தினார். "மாப்ள. விளையாடாதீங்க. ஒரே ஒரு தடவை நேரா பதில் சொல்லுங்க. நேத்து அந்த ஆன்டெனா ஒயர... நான் சேத்தேனா?"

"இல்ல மச்சான்."

கட்டைவிரலைப் பார்த்தார். பட்டன்மேல் இருந்தது. இன்னும் அழுத்தியபடி. அழுத்தியிருக்கும்வரை ஸ்பீக்கர் ஊமை.

பின்னாலிருந்து சேறு அப்பிய இரண்டு கைகள், வளையல் போட்டவை, நிதானமாக வந்து, அவர் கழுத்தில் கிடந்த ஒயரைத் தொட்டு, நேராக்கின.